கூட்டம் ஜாஸ்தி, பிள்ளை குறைச்சல்

போர்ட் பிளேருக்கு நான் கடல் பார்க்கப் போகவில்லை. தூத்துக்குடிக்காரனுக்குக் கடல் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஜனத்தொகை பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகக் கேட்கப்போகிறது. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கேள்விகளைத் தமிழாக்கியது நான். வீட்டில் உட்கார்ந்து எழுதிய தமிழ் தீவில் இருக்கிற தமிழர்களுக்குப் புரிகிறதா என்று பத்துப் பேரிடம் கேட்டு, புரியாததைத் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். பதில்களைக் குறிக்கக் கையில் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். கழுத்தில் தொங்கவிட, என் புகைப்படம் ஒட்டிய ஓர் அட்டையும் கொடுத்தார்கள். எனக்கு அந்த அட்டையில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஊரின் பெயரை மாற்றியாகிவிட்டது. பலகைகளில் புதுப்பெயர் இருக்கிறது. ஆனால் எல்லோரும் இன்னும் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள், ஆட்டோக்காரரும் அப்படித்தான் சொன்னார். அவர் தெலுங்குக்காரர், என்னோடு ஹிந்தியில் பேசினார். இங்கே தமிழரும் தெலுங்கரும் வங்காளியும் மலையாளியும் ஒருவரோடு ஒருவர் பேசுவது ஹிந்தியில்தான். என் ஹிந்தி பாதி வாயாலும் பாதி கையாலும் பேசப்படுவது. அப்படியும் முதல் கேள்வியை அவரிடமே கேட்டுவிட்டேன். இங்கே ஜனங்கள் கூடுகிறார்களா, குறைகிறார்களா?

“கூடுகிறார்களாவா? கப்பலுக்குக் கப்பல் வந்து இறங்குகிறார்கள்” என்றார். யார் என்று கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, “உங்கள் ஆட்கள்தான்” என்றார்.

ஜங்லிகாட் மேட்டில் ஆட்டோ நின்றுவிட்டது. எங்கள் ஊரில் மேடு என்றால் உப்பளத்தில் குவித்து வைத்த உப்புதான். இங்கே தெருவே மாடிப்படி போல ஏறி இறங்குகிறது. இறங்கித் தள்ளினேன். பக்கத்து டீக்கடை வங்காளியும் வந்து கைகொடுத்தார். அதற்குப் பிரதியாக அவர் கடையில் இரண்டு சிங்காரா சாப்பிட்டேன். நம்ம ஊர் சமோசாவுக்குத் தம்பி, உள்ளே நிலக்கடலையும் காலிஃபிளவரும் இருக்கிறது. அவரிடமும் அதே கேள்வி. கூட்டம் தாங்க முடியவில்லை, எல்லாம் தெலுங்குக்காரர்கள் என்று என் ஆட்டோக்காரரைக் கண்ணால் காட்டினார்.

நான் தங்கியது சேவியர் அண்ணன் வீட்டில். என் நண்பனின் கூடப்பிறந்தவர். ஜங்லிகாட்டில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார், வீடு டெய்ரி ஃபார்மில். அவரிடம் கேட்டேன். வங்காளிகள்தான் என்றார், யோசிக்கவே இல்லை. எங்கள் கேள்வித்தாளில் மக்கள்தொகை என்ற சொல்லுக்கு அடியில் ஒரு விளக்கம் கொடுத்திருந்தோம். பிளேரில் அதற்கு வேறு விளக்கம் இருக்கிறது. நாம் வந்த கப்பலுக்கு அடுத்த கப்பலில் வந்தவர்கள் எவர்களோ, அவர்களே மக்கள்தொகை.

அன்று அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வருகிற நாள். ஏப்ரல் மாதம், மழை இல்லை, குழாயில் தினமும் வருவதில்லை. டிரம், வாளி, அண்டா, சோற்றுப்பானை வரைக்கும் வாசலில் நின்றன. தண்ணீர் பிடித்துக்கொண்டே எல்லோரும் பேசியதும் இதையேதான். பப்ளிக் ஜாஸ்தியாகிவிட்டது, அதனால்தான் தண்ணீர் இல்லை. இங்கே ஜனங்களுக்குப் பெயர் பப்ளிக். கேள்வித்தாளில் முதல் திருத்தத்தைக் குறித்துக்கொண்டேன்.

சேவியர் அண்ணன் மனைவி ரெஜினா மைனி ஒன்றும் சொல்லாமல் டியூபைப் பிடித்துக்கொண்டிருந்தார். மைனி புரோத்ராபூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு டீச்சர். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சூரை மீன் குழம்பு. தேங்காய் இங்கே மலிவு போலிருக்கிறது, குழம்பு பாயசம் மாதிரி கெட்டியாக இருந்தது. நல்ல ருசிதான், ஆனால் எங்கள் ஊர் விளமீன் குழம்பின் புளிப்பு இதில் இல்லை. அதைச் சொல்லாமல் இரண்டாம் முறை சோறு வாங்கினேன். அப்போதுதான் மைனி வாயைத் திறந்தார்.

“ஊரெல்லாம் பப்ளிக் ஜாஸ்தி, பப்ளிக் ஜாஸ்திங்குது தம்பி. எனக்கு ஒண்ணாங் கிளாஸுக்குப் பிள்ள கிடைக்க மாட்டேங்குது.”

விஷயம் இதுதான். தமிழில் ஒன்றாம் வகுப்பு திறக்க இன்னும் ஒரு பிள்ளை வேண்டும். வெள்ளிக்கிழமை சேர்க்கை முடிகிறது. அதற்குள் அந்த ஒரு பிள்ளை வராவிட்டால் வகுப்பு கிடையாது. மேல் வகுப்புப் பிள்ளைகளை வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள், மைனி உபரி ஆசிரியர் ஆகிவிடுவார். அடுத்த மாற்றல் ஆர்டர் கேம்ப்பெல் பேவுக்குத்தான் என்று ஆபீஸில் காதோடு சொல்லியிருக்கிறார்கள். தெற்கே கடைசித் தீவு, கப்பலில் போக வேண்டும், கடல் மோசமானால் கப்பலும் இல்லை. அண்ணனுக்குப் போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரே மகள் சென்னையில் நர்சிங் படிக்கிறாள். அண்ணனைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் மைனியின் கவலை. அண்ணன் இதைக் கேட்காதவர் போல மூன்றாவது வறுத்த மீன் துண்டை எடுத்தார், மைனி தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தமிழ்க் குடும்பங்களுக்கா பஞ்சம் என்று கேட்டேன். குடும்பம் இருக்கிறது, பிள்ளை வீட்டுக்கு ஒன்று, அந்த ஒன்றும் இங்கிலீஷ் மீடியத்தில் என்றார். “என் மகளயும் அப்படித்தான் போட்டேன். யாரும் கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிருதேன்.”

இங்கே ஐந்து மணிக்கெல்லாம் பளீரென்று விடிந்துவிடுகிறது. தூங்குகிறவனைக் குற்றவாளி மாதிரி எழுப்பிவிடுகிற வெளிச்சம். மறுநாள் காலை அதே தெருவில் நாலைந்து வீடுகளுக்குப் போனேன். கேள்விகள் புரிந்தன. பதில்களும் ஒன்றுபோலவே இருந்தன. ஜனங்கள் கூடுகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு எத்தனை பிள்ளைகள் இருக்க வேண்டும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்று எங்கே? மெயின்லாண்டில் படிக்கிறது. படித்துவிட்டு இங்கே வருமா? அதைக் கேட்டதும் காபி வேண்டுமா என்று என்னைக் கேட்டார்கள். மூன்று படுக்கையறை கட்டி இரண்டைப் பூட்டி வைத்திருந்த ஒரு வீட்டில், ஊரில் நிற்க இடமில்லை என்றார்கள்.

கடைசியாகக் காண்ட்ராக்டர் சேதுராமன். ராமநாதபுரத்துக்காரர், அவர் அப்பா காலத்திலேயே வந்துவிட்டார்கள். தமிழ்ப் பிரிவைக் காப்பாற்ற அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். பேரன் இங்கிலீஷ் மீடியம். காபியும் மிக்சரும் கொடுத்து, கேட்ட கேள்விக்கு ஒன்றும் கேட்காத கேள்விக்கு மூன்றுமாகப் பதில் சொன்னார். இனி ஓர் ஆளைக்கூட இறங்கவிடக் கூடாது, தீவு தாங்காது என்றார். நடுவில் ஒரு போன் வந்தது. பரமக்குடிப் பக்கம் யாரிடமோ, அடுத்த கப்பலில் நல்ல கொத்தனாராக நாலு பேரை ஏற்றிவிடச் சொன்னார். போனை வைத்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

“அது வேலைக்கு வர்ற ஆளுங்க சார். அது பாப்புலேஷன் கிடையாது” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, எனக்குப் புரிய வேண்டுமே என்று பொறுமையாகச் சொன்னார்.

புதன்கிழமை மைனி என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு புரோத்ராபூர் போனார். அங்கே சாலையோரத்தில் ஒரு சின்னப் பெண் தேங்காய்களை ஒண்ணு, ரெண்டு என்று தமிழில் எண்ணிக்கொண்டிருந்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறார். எண்ணத் தெரிந்த, தமிழ் பேசுகிற, பள்ளிக்குப் போகாத பிள்ளை. மைனிக்கு அது லாட்டரி. எனக்குக் கேள்வி கேட்க ஒரு புது வீடு. வழியில் காராச்சர்மாவில் டயர் பஞ்சர். மைனி என்னை முறைத்தார். என் எடைதான் காரணம் என்று பஞ்சர் ஒட்டியவரிடம் ஹிந்தியில் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. வெயிலில் நின்று இளநீர் குடித்தோம்.

பாக்குத் தோப்புக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வரிசை அறைகள். ஓரத்து அறை வாசலில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள். பேர் செல்வராணி, பரமக்குடிப் பக்கம், வீட்டுக்காரர் கொத்தனார். மைனி பள்ளியைப் பற்றிச் சொல்லிப் பிள்ளையைக் கேட்டார்.

“எங்களுக்குப் பிள்ளை இல்லைங்க” என்றாள்.

கொடியில் ஒரு சின்ன கவுன் காய்ந்துகொண்டிருந்தது. மைனி அதைப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். நானும் சும்மா இருந்திருக்கலாம். வந்த வேலை என்று ஒன்று இருக்கிறதே. டேப்லெட்டைத் திறந்து, இந்தப் பகுதியில் ஜனங்கள் கூடுகிறார்களா குறைகிறார்களா என்று கேட்டேன்.

“குறையுதுங்க சார். இங்கன யாருமே இல்லைங்க.”

சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமியது. செல்வராணி உடனே தானும் இருமினாள். பிறகு இன்னும் இரண்டு முறை, எங்களுக்குச் சந்தேகமே வராதபடி இருமினாள். வாய்க்குக் கை வைத்திருந்தாள், கண் மட்டும் என் அட்டையிலேயே இருந்தது. நான் டேப்லெட்டை மூடினேன். நன்றி சொல்லிவிட்டு நடந்தோம்.

சாலைக்கு வந்ததும் மைனி, “முதல்ல அதக் கழத்துங்க தம்பி” என்றார். தீவில் வெகுகாலமாக இருப்பவர்களுக்கு அரசு தருகிற ஐலேண்டர் கார்டு இல்லாதவர்களை எண்ணி எடுத்துக் கப்பலில் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று இங்கே அவ்வப்போது ஒரு பேச்சு கிளம்புமாம். கிளப்புவது யார் என்று தெரியாது, நம்பாதவர் கிடையாது. கழுத்தில் அட்டையோடு ஓர் ஆள் தெருவுக்குள் வந்தால் புதிதாக வந்தவர்கள் வீட்டிலிருப்பவர்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பழைய ஆட்கள் வெளியே வந்து நின்று பப்ளிக் ஜாஸ்தி என்பார்கள். ஜனங்களின் எண்ணத்தை அறிய வந்த நான் ஒரு ஜனத்தைக் கதவுக்குப் பின்னால் அனுப்பிவிட்டேன். மைனிக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு ஜனம்தான்.

எங்கள் பின்னாலேயே சாலைக்கு வந்த பக்கத்து அறைக்காரர் ஹிந்தியில் இன்னொன்றும் சொன்னார். அந்த வரிசை முழுக்கச் சேதுராமனின் ஆட்கள். யார் வந்து கேட்டாலும் குடும்பம் இல்லை, தனி ஆள் என்றே சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு.

வியாழக்கிழமை காலை சேதுராமன் வீட்டு வாசலில் நின்றோம். நான் அட்டை இல்லாமல் போயிருந்தேன். காபி வந்தது, மைனி தொடவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன், வகுப்பில் பேசுகிற குரலில்தான் பேசினார்.

“அண்ணாச்சி, தமிழ்ப் பிரிவ மூட விடமாட்டோம்னு மீட்டிங்ல மைக்குல பேசுனீங்க. ஒரே ஒரு பிள்ளதான் குறையுது. அந்தப் பிள்ளய உங்க ஆளு வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க.”

அது வேறு, இது வேறு என்றார் சேதுராமன். பள்ளியில் பேர் ஏறினால் இந்தக் குடும்பம் எப்போது வந்தது, யார் கூட்டி வந்தார்கள் என்று கேள்வி வரும். கேள்வி தன்னிடம் வந்து நிற்கும் என்றார்.

“பள்ளிக்கூடத்துல சேர்க்க ஐலேண்டர் கார்டு கேக்க மாட்டாங்க. யாரு கூட்டி வந்தான்னும் கேக்க மாட்டாங்க. பிள்ளைக்கு வயசு என்னன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். நாளைக்கு வரல்லன்னா எனக்கு கேம்ப்பெல் பே. அது என் பாடு. நீங்க தம்பிகிட்ட சொன்னீங்களே, அந்தப் பிள்ள அப்படி வேலைக்கு வந்த ஆளும் இல்ல. அத எதுல சேர்ப்பீங்க?”

அவர் மிக்சர் தட்டை ஓரமாகத் தள்ளினார். கடைசியில், எது வேண்டுமானாலும் செய்யுங்கள், என் பெயர் மட்டும் வரக் கூடாது என்றார். மைனி அதற்கு நன்றி சொன்னார். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் மைனி மட்டும் அந்த வரிசை வீட்டுக்குப் போனார். என்னைத் திருப்பத்திலிருந்த டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு, எந்தக் காரணத்துக்காகவும் எழுந்து வராதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே செய்தேன். ஆறு மணிக்குள்ளேயே இருட்டிவிட்டது. ஊரில் அந்நேரம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். மைனி வந்தபோது முகம் தெரியவில்லை, குரலில் மட்டும் கொஞ்சம் தெம்பு இருந்தது. செல்வராணி கதவைத் திறந்துவிட்டாளாம். பிள்ளையின் பேர் தர்ஷினியாம். கார்டு வேண்டாம், யாரும் விரட்ட மாட்டார்கள் என்பதை மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டாளாம். பள்ளியில் என்னென்ன பிரிவு இருக்கிறது, சாப்பாடு உண்டா, யூனிஃபார்ம் தருவார்களா என்று கேட்டதற்கெல்லாம் மைனி பதில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாளாம். அன்று ராத்திரி அண்ணனுக்கு மைனி வறுத்த மீன் ஒரு துண்டு கூடுதலாக வைத்தார்.

வெள்ளிக்கிழமை நான் என் வேலையை ஒத்திவைத்துவிட்டு மைனியோடு பள்ளிக்குப் போனேன். ஒரே வராந்தா, அடுத்தடுத்து அறைகள். தமிழ் ஒன்றாம் வகுப்பு அறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சின்ன பெஞ்சுகள் ஈரமாக இருந்தன. பக்கத்து அறையிலிருந்து ஹிந்திப் பிள்ளைகள் எழுத்துச் சொல்லிக் கத்துகிற சத்தம் கேட்டது. மைனி வாசலைப் பார்க்கவே இல்லை, சுவரில் படம் ஒட்டிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. நான்தான் நூறு தடவை வாசலைப் பார்த்தேன்.

சாப்பாட்டு வரிசை கலைகிற நேரத்தில் வந்தார்கள். கொத்தனார் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். செல்வராணி கையில் பிறப்புச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள். நடுவில் தர்ஷினி, கொடியில் நான் பார்த்த அதே கவுன், வழுவழுவென்று எண்ணெய் வைத்து வாரிய தலை. இருமல் இன்னும் விடவில்லை. மைனி எழுந்து நின்றார். சந்தோஷத்தை மறைக்க நான் சுவர்ப் படத்தைப் பார்த்தேன்.

“டீச்சர், இவள ஹிந்தில சேர்த்துவிடுங்க” என்றாள் செல்வராணி.

சான்றிதழுக்கு நீட்டிய மைனியின் கை பாதியில் நின்றது. செல்வராணி தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பயந்து, வேகமாகப் பேசினாள்.

“தமிழு வீட்டுல பேசிக்கிருவா டீச்சர். எங்களுக்கு ஹிந்தி வரல, வாயத் தொறந்தாலே வெளியாளுன்னு தெரிஞ்சுபோகுது. இவளாச்சும் வாயத் தொறந்தா இந்தூருப் பிள்ளைங்கணும். யாராச்சும் வந்தா கதவச் சாத்த வேணாம்ல.”

தாய்மொழிக் கல்வியைப் பற்றி என்னிடம் நிறைய வாக்கியங்கள் இருந்தன. நல்ல வாக்கியங்கள், சிலவற்றை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். கேம்ப்பெல் பே, ஸ்டென்ட், அண்ணன் தனியாகச் சமைத்துச் சாப்பிடப்போவது என்று எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பெண்ணிடம் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மைனி என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

மைனி சான்றிதழை வாங்கிப் பார்த்தார். வயது சரியாக இருக்கிறது என்றார். தர்ஷினியின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கழுவிய அறையைத் தாண்டிப் பக்கத்து அறைக்கு நடந்தார். ஹிந்தி டீச்சர் ஒரு வங்காளிப் பெண், வாசலுக்கு வந்தார். நானும் பின்னாலேயே போயிருந்தேன். மைனி அவரிடம் ஹிந்தியில் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

“இது நம்ம தீவுப் பிள்ளை. ஹிந்தி இன்னும் வராது. அழுதால் என்னைக் கூப்பிடுங்கள், ஆர்டர் வருகிற வரைக்கும் பக்கத்து அறையில்தான் இருப்பேன்.”